மறு ஆய்வு முறையும் மறைந்த ஊர்களும்: இருவேல்பட்டு, நெய்வேலி

ஆய்வுச்சுருக்கம்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு, 1916 முதல் பலமுறை ஆராயப்பட்ட ஊர். அதே மாவட்டத்தில் சுரங்கத்திற்காக ஊர்கள் அகற்றப்பட்ட இடம் நெய்வேலி. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, மறு ஆய்வு என்னும் சமூக அறிவியல் முறையின் ஆற்றலையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கிராம ஆய்வு, மறு ஆய்வு, தென்னார்க்காடு, இடப்பெயர்வு

முன்னுரை

ஆய்வரங்குக்கு அனுப்பப்படும் ஒரு கட்டுரை, கண்டறிந்த முடிவை மட்டும் கூறினால் போதாது. அம்முடிவு எவ்வாறு எட்டப்பட்டது என்பதையும், பிறர் அதனைச் சோதிப்பதற்கான வழியையும் அது காட்ட வேண்டும். தமிழகத்துக் கிராம ஆய்வுகளில் இச்சோதனைக்கு நெடிய வரலாறு உண்டு.

ஸ்லேட்டர் வகுத்த வழி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். அவர்கள் அளித்த அறிக்கைகளின் தொகுப்பு 1918இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று இருவேல்பட்டு.

இம்முறையில் குறைகள் இருந்தன. மாணவர்கள் பெரும்பாலும் தமக்கு அறிமுகமான ஊர்களையே ஆராய்ந்தமையால், அவ்வூர்களை மாநிலத்தின் சராசரி மாதிரிகளாகக் கொள்ள இயலாது. அக்காலத்தில் பல்கலைக்கழகம் வரை சென்ற குடும்பங்கள் மிகச் சிலவே. ஆதலின் கூலி உழைப்பாளியின் வாழ்வு அவர்களுடைய பார்வைக்கு எட்டிய அளவிலேயே பதிவாகியிருக்கும். எனினும் வினாநிரல் அச்சில் நிலைத்தமையால், பின்வந்தோர் அதே கேள்விகளோடு அதே ஊருக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது.

இருவேல்பட்டின் தொடர்ச்சி

பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் ஸ்லேட்டரின் கிராமங்களை மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டனர். எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டை மறு ஆய்வு செய்து 1983இல் கட்டுரை எழுதினர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் 2008இல் அங்குச் சென்றனர். அவர்களது கட்டுரை 2010இல் வெளிவந்தது.

நிலக்கிழார் குடும்பங்கள் நிலத்தில் கணிசமான பங்கை இன்னும் வைத்திருந்தபோதிலும் அவர்களது அதிகாரம் பெரிதும் தளர்ந்துவிட்டது என்பதும், வெளியூர் வேலையும் அரசின் நலத்திட்டங்களும் தலித் மக்களை அவர்களைச் சார்ந்திருந்த நிலையிலிருந்து விடுவித்தன என்பதும் அக்கட்டுரையின் முடிவுகள். உடைமை மாறாத இடத்தில் அதிகாரம் மாறியுள்ளதை ஒருமுறை மட்டும் நிகழும் ஆய்வு காட்டியிருக்காது.

நெய்வேலி எழுப்பும் வினா

பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14இல் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. மறு ஆண்டில் சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் மின்னாக்கத்தைத் தொடங்கியது. வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரியம் எழுந்தது. சுரங்கத்திற்கும் நகரியத்திற்கும் நிலம் அளித்த ஊர்களின் மக்கள் வேறிடம் பெயர்ந்தனர்.

இங்கு மறு ஆய்வு முறை தடுமாறுகிறது. அம்முறை ஊரை நிலையான அலகாகக் கொள்கிறது. மக்கள் மாறினாலும் இடம் இருக்கும் என்று எண்ணுகிறது. சுரங்கம் அந்த அலகையே அகற்றிவிடுகிறது. இன்றைய நகரியத்தில் வீடுவீடாகக் கணக்கெடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் பணிநிமித்தம் குடியேறியோரின் வரலாறே. நிலம் இழந்தோரின் வரலாறு அதில் அகப்படாது.

ஆகவே இங்கு ஆய்வின் அலகு ஊராக இராமல் குடும்பமாக இருத்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு, வருவாய்த்துறை நிலப் பதிவேடுகள், நிலமெடுப்பு அறிவிக்கைகள் ஆகியவற்றிலிருந்து பழைய ஊரை மீட்டமைத்து, அக்குடும்பங்கள் சென்ற இடங்களைத் தேடிச் செல்ல வேண்டும். பதிவேடுகளில் பட்டா உடையோர் மட்டுமே இடம்பெறுவர். நிலமற்ற கூலியாளும் குத்தகைதாரரும் விடுபடுவர். அவ்விடைவெளியை நிரப்ப வாய்மொழி வரலாறே துணை.

முடிவுரை

இருவேல்பட்டை ஏறத்தாழ நூறாண்டுகள் தொடர முடிந்ததற்கு ஸ்லேட்டரின் மாணவர்கள் விட்டுச்சென்ற பதிவு ஒரு காரணம். ஊர் அங்கேயே நிலைத்திருந்தது மற்றொரு காரணம். இரண்டாவது காரணம் இயல்பாகவே அமைந்தமையால் அது பேசப்படவில்லை. நெய்வேலி அதனைப் பேச வைக்கிறது. 2023இல் வளையமாதேவியில் விளைநிலம் குறித்து எழுந்த போராட்டம், இவ்வினா கடந்த காலத்தோடு முடியவில்லை என்பதை உணர்த்துகிறது. நிலமெடுப்புக்கு முன்பே, நிலமற்றோரையும் உள்ளடக்கிய முழுமையான ஊர்ப்பதிவு செய்யப்படுமாயின், பின்னாளில் இழப்பை அளப்பதற்கு அடிப்படை இருக்கும்.