ஏழு வயதும் நீதிமன்ற எல்லையும்: பிள்ளைப் பராமரிப்புரிமைச் சட்டத்தின் வரலாறு

முன்னுரை

கணவனும் மனைவியும் பிரியும்போது வீட்டையும் நிலத்தையும் சேமிப்பையும் கணக்கிட்டுப் பிரித்துக்கொள்ள இயலும். பெற்ற பிள்ளையை அவ்வாறு பிரித்துக்கொள்ள இயலாது. பிள்ளை யாரிடம் வளர்வது என்னும் வினாவிற்கு மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்கள் இன்று தரும் விடை, பிள்ளையின் நலனே முதன்மையானது என்பதாகும். கேட்பதற்கு இயல்பாகத் தோன்றும் இவ்விடையைச் சட்டம் எளிதில் வந்தடைந்துவிடவில்லை. தந்தையின் தனியுரிமை சிறிது சிறிதாகத் தளர்ந்த பின்னரே தாயின் குரல் நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது; அதற்கும் பின்னரே பிள்ளையின் நலன் பேசப்பட்டது. இவ்வளர்ச்சியை இங்கிலாந்தில் தொடங்கி, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் வழியே சுருக்கமாக நோக்குவதும், அது இன்றும் எவ்விடத்தில் முழுமை பெறாது நிற்கிறது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். மலேசியாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றி வந்த நாடுகளாதலின் இங்கிலாந்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

தந்தையின் தனியுரிமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொதுச்சட்டம், முறையாகப் பிறந்த பிள்ளையின்மீது தந்தைக்கே முழு உரிமை வழங்கியிருந்தது. 1804ஆம் ஆண்டு டி மானவில் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். கணவனைப் பிரிந்து வாழ்ந்த தாயிடமிருந்து, பால்குடி மறவாத எட்டு மாதக் குழந்தையைத் தந்தை பறித்துச் சென்றார். வழக்கை விசாரித்த எல்லன்பரோ பிரபு, சட்டப்படி குழந்தை தந்தைக்கே உரியது என்று கூறித் தாயின் வேண்டுகோளை மறுத்தார். அக்காலச் சட்டத்தின் பார்வையில், தாய் எனப்பட்டவள் பிள்ளையைப் பெறுவதற்கு உரியவளாக இருந்தாளேயன்றி, வைத்துக்கொள்வதற்கு உரியவளாக இருக்கவில்லை.

இந்நிலையை முதன்முதலாக அசைத்தவர் கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர். 1827இல் ஜார்ஜ் நார்ட்டனை மணந்த அவர் 1836இல் கணவரைப் பிரிந்தார். அவ்வாண்டிலேயே கணவர், அப்போதைய பிரதமர் மெல்போர்ன் பிரபுவைத் தம் மனைவியோடு தொடர்புபடுத்தி வழக்குத் தொடுத்தார். ஜூரிமார் அவ்வழக்கைத் தள்ளிவிட்டனர். குற்றச்சாட்டு பொய்த்துப்போன பின்னரும் மூன்று மகன்களும் தாய்க்குக் கிடைக்கவில்லை. அவர்களைக் காணும் உரிமைகூட அவருக்கு மறுக்கப்பட்டது. தம் துயரைத் தனிமனிதத் துயராக விட்டுவிடாமல், நார்ட்டன் சிறு நூல்களை எழுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பரப்பினார். டால்ஃபர்ட் என்னும் உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 1839இல் சட்டமாயிற்று.

அச்சட்டத்தின்படி, ஏழு வயதிற்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறும், அவ்வயதைக் கடந்த பிள்ளைகளைச் சென்று காண அனுமதிக்குமாறும் தாய் சான்சரி நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். விபசாரக் குற்றம் நிறுவப்பட்ட தாய்க்கு இவ்வாய்ப்பு இல்லை. தாய்க்கு உரிமை என ஒன்றை இச்சட்டம் தந்துவிடவில்லை. கேட்பதற்கு ஒரு வாயிலை மட்டுமே திறந்துவிட்டது. எனினும், தந்தையின் விருப்பத்திற்கு மாறாகவும் நீதிமன்றம் ஆணையிடலாம் என்னும் கருத்து அப்போதுதான் எழுத்துச் சட்டத்தில் இடம்பெற்றது.

இவ்விடத்து ஒரு செய்தியை மனங்கொள்ள வேண்டும். எந்தத் தாயின் போராட்டத்தால் சட்டம் பிறந்ததோ, அந்தத் தாய்க்கு அது பயன்படவில்லை. நார்ட்டனின் மகன்கள் ஸ்காட்லாந்தில் வைக்கப்பட்டிருந்தனர். 1839ஆம் ஆண்டுச் சட்டமோ ஸ்காட்லாந்தில் செல்லாது. 1842இல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்று இறந்த பின்னரே எஞ்சிய இருவரும் தாயோடு பழக வழி பிறந்தது. சட்டத்தின் சொல் எவ்வளவு வலியதாயினும், அதன் எல்லைக்கு அப்பால் பிள்ளை கொண்டுசெல்லப்படின் அச்சொல் பயனற்றுப் போகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. இக்கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

உரிமையிலிருந்து நலனுக்கு

1873ஆம் ஆண்டுச் சட்டம் தாய் விண்ணப்பிப்பதற்குரிய பிள்ளையின் வயது வரம்பைப் பதினாறாக உயர்த்தியது. 1886ஆம் ஆண்டுச் சட்டம், தந்தை இறந்தபின் தாயும் காப்பாளராவதற்கு வழிசெய்ததோடு, முடிவெடுக்கும்போது பிள்ளையின் நலனையும் கருதுமாறு நீதிமன்றத்தைப் பணித்தது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையே, 1883இல் தீர்க்கப்பட்ட ஏகர்-எல்லிஸ் வழக்கில், பதினாறு வயதடைந்த மகள் தன் தாயுடன் தடையின்றிப் பழக விரும்பியபோதும் நீதிமன்றம் தந்தையின் மறுப்பையே உறுதிசெய்தது. சட்டம் மாறத் தொடங்கிய பின்னும் நீதிபதிகளின் மனப்போக்கு உடனே மாறிவிடவில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

1925இல் இயற்றப்பட்ட சட்டமே பிள்ளையின் நலனை முதலாவதும் முதன்மையானதுமான கருத்தாக ஏற்றது. ஆயினும், பிள்ளையின்மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை உண்டு என்று அந்நாட்டுச் சட்டம் வெளிப்படையாகக் கூறுவதற்கு 1973ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நலனை ஏற்பது எளிதாகவும், சமத்துவத்தை ஏற்பது கடினமாகவும் இருந்திருக்கிறது.

இந்தியாவின் பாதை

ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் 1890இல் இந்தியாவில் இயற்றப்பட்ட காப்பாளர் சட்டம், காப்பாளரை நியமிக்கும்போது சிறாரின் நலனைக் கருதுமாறு கூறியது. அதே வேளையில், தகுதியுள்ள தந்தை உயிரோடிருக்கும்போது வேறொருவரைக் காப்பாளராக நியமிக்கலாகாது என்றும் தடுத்தது. இத்தடையில் தந்தையோடு தாயையும் சேர்த்தது 2010ஆம் ஆண்டுத் திருத்தமே. விடுதலைக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டு இந்து சிறார் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தந்தையையும் ‘அவருக்குப் பின்’ தாயையும் இயற்கைக் காப்பாளராகக் கூறுகிறது. ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. அதாவது, பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு தாய்க்கும், பிள்ளைக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் தந்தைக்கும் என்று சட்டம் பிரித்து வைத்திருந்தது.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்களை வாங்க முற்பட்டபோது தந்தையின் கையெழுத்து கோரப்பட்டது. அதனை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘அவருக்குப் பின்’ என்பதற்குத் தந்தையின் மறைவிற்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. தந்தை பொறுப்பேற்காத நிலையையும் அது குறிக்கும் என நீதிமன்றம் விளக்கியது. சட்டத்தின் சொற்கள் மாறவில்லை. அவற்றின் பொருளே மாறியது.

மலேசியாவும் சிங்கப்பூரும்

மலேசியாவின் 1961ஆம் ஆண்டுச் சிறார் காப்பாளர் சட்டமும் தொடக்கத்தில் தந்தையையே பிள்ளையின் காப்பாளராகக் கொண்டிருந்தது. இந்தியாவில் மேற்கண்ட தீர்ப்பு வெளிவந்த அதே 1999ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டு, தாய்க்கும் தந்தைக்கும் சமமான உரிமையும் அதிகாரமும் உண்டு என்னும் நிலை ஏற்பட்டது.

முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கை நெறிப்படுத்தும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன் 88ஆம் பிரிவே இன்றளவும் மலேசிய இந்தியக் குடும்பங்களின் பராமரிப்புரிமை வழக்குகளுக்கு அடிப்படையாகும். பிள்ளையின் நலனே முதன்மை. அதற்கு உட்பட்டுப் பெற்றோரின் விருப்பமும், சுயமாகக் கருத்துரைக்கும் வயதடைந்த பிள்ளையின் விருப்பமும் கருதப்படும். ஏழு வயதிற்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பது நன்று என்னும் அனுமானமும் இப்பிரிவில் உண்டு. ஆனால் இது மறுக்கத்தக்க அனுமானமேயாகும். பிள்ளை ஏற்கெனவே ஓரிடத்தில் வேரூன்றி வளர்கிறதாயின் அதனை அங்கிருந்து பெயர்ப்பது தகாது என்பதையும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பலராயின் ஒவ்வொருவரின் நலனும் தனித்தனியே ஆராயப்படும். குழந்தை நலத்தில் பயிற்சியுடையோரின் கருத்தைக் கேட்கவும், பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வதைத் தடுக்கவும், சூழல் மாறின் ஆணையை மாற்றவும் சட்டத்தில் இடமுண்டு.

1839இல் நார்ட்டனின் போராட்டத்தால் பெறப்பட்ட ஏழு வயது என்னும் அதே எண் இங்கும் இடம்பெற்றிருப்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. முற்றிலும் வேறொரு மரபிலிருந்து வரும் இஸ்லாமியக் குடும்பச் சட்டத்திலும் இவ்வெண் உண்டு. 1984ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசச் சட்டத்தின்படி, ஆண்பிள்ளையாயின் ஏழு வயது வரையிலும் பெண்பிள்ளையாயின் ஒன்பது வயது வரையிலும் பராமரிப்பதற்கு முதல் உரிமை தாய்க்கே உரியது. நீதிமன்றம் இதனை மேலும் ஈராண்டுகள் நீட்டிக்கலாம்.

சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்கிறது. 2005இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், கல்வி, சமயம், மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமையையும், பிள்ளையை நாள்தோறும் உடன்வைத்து வளர்க்கும் பொறுப்பையும் வேறுபடுத்திக் காட்டியது. பிந்தையது ஒருவரிடம் இருப்பினும், முந்தையது இருவரிடமும் இருப்பதே விரும்பத்தக்கது என்பது அதன் கருத்து. மணவுறவு முடிவுற்றாலும் பெற்றோர் என்னும் பொறுப்பு முடிவுறுவதில்லை என்னும் எண்ணம் இத்தீர்ப்பில் வலுப்பெற்றதைக் காண்கிறோம்.

எல்லையில் நின்ற ஆணை

சட்டநூல் இவ்வளவு தெளிவடைந்த பின்னும் ஆணை நடைமுறைக்கு வராது போவதுண்டு. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் வழக்கை மலேசிய வாசகர் நன்கு அறிவர். 2009இல் அவருடைய கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாயின் இசைவின்றி மதமாற்றம் செய்வித்தார். பதினொரு மாதக் குழந்தையாயிருந்த கடைசி மகளைத் தம்மோடு கொண்டுசென்றார். ஷரியா நீதிமன்றம் பராமரிப்புரிமையைத் தந்தைக்கு வழங்கியது. ஈப்போ உயர் நீதிமன்றம் 2010இல் அதனைத் தாய்க்கு வழங்கியது. ஒரே பிள்ளைகளின் பொருட்டு இரண்டு ஆணைகள் எதிரெதிரே நின்றன.

அதன் பின்னர் நிகழ்ந்தவை நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கிய ஆண்டுகள். 2013இல் உயர் நீதிமன்றம் மதமாற்றச் சான்றிதழ்களை நீக்கியது. 2015 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம், தந்தைக்கு எதிரான கைதாணையை நிறைவேற்றுமாறு தேசியப் போலீஸ்படைத் தலைவருக்கு உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29ஆம் நாள் அந்நீதிமன்றம், பெற்றோர் இருவரும் உள்ளபோது பிள்ளைகளின் மதமாற்றத்திற்கு இருவரின் இசைவும் வேண்டும் என்று கூறி அச்சான்றிதழ்கள் செல்லாவென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பெற்றோரின் சம உரிமையைக் கூறும் சிறார் காப்பாளர் சட்டமும் இத்தீர்ப்பிற்குத் துணைநின்றது. பால்குடிப் பருவத்தில் பிரிந்த மகள் அப்போது ஒன்பது வயதைக் கடந்திருந்தாள். தாயிடம் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஏழு வயது வரை தாயிடம் இருப்பதே நன்று என்று சட்டம் அனுமானித்த அந்த ஆண்டுகள் அனைத்தும் வழக்கிலேயே கழிந்துவிட்டன.

இதற்கிடையே 1976ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2017இல் திருத்தம் நிறைவேறியது. ஒருவர் மதம் மாறினாலும் குடியியல் திருமணத்தின் மணவிலக்கும் அதனோடு இணைந்த பராமரிப்புரிமையும் குடியியல் நீதிமன்றத்திலேயே தீர்க்கப்படுவதற்கு இத்திருத்தம் வழிகோலியது. 2018 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் மட்டும் பிள்ளையை மதமாற்றம் செய்வதைத் தடுக்க முன்மொழியப்பட்டிருந்த பிரிவு, மசோதா நிறைவேறுமுன் கைவிடப்பட்டது.

முடிவுரை

தந்தையின் உடைமை என்னும் நிலையிலிருந்து பிள்ளையின் நலன் என்னும் நிலைக்குச் சட்டம் வந்திருப்பது ஐயத்திற்கிடமற்ற முன்னேற்றமாகும். எனினும் கரோலின் நார்ட்டனையும் ஈப்போத் தாயையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, நூற்றெழுபது ஆண்டுகள் கடந்தும் ஓர் இடர்ப்பாடு தீரவில்லை என்பது புலனாகிறது. முன்னவரைத் தடுத்தது ஸ்காட்லாந்தின் எல்லை. பின்னவரைத் தடுத்தது ஒரே நாட்டின் இரு நீதிமன்றங்களுக்கு இடைப்பட்ட எல்லை. இருவர் வாழ்விலும் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைப் பருவம் கடந்துபோயிற்று.

பிற வழக்குகளில் தாமதம் பணத்தை இழக்கச் செய்யும். பராமரிப்புரிமை வழக்கிலோ அது பிள்ளையின் குழந்தைமையையே இழக்கச் செய்கிறது. ஆகவே, ஆணை எத்துணைக் காலத்தில் வழங்கப்படுகிறது, எத்துணைக் காலத்தில் நிறைவேற்றப்படுகிறது என்பனவும் பிள்ளையின் நலனின் கூறுகளாகவே கொள்ளப்பட வேண்டும். யாரிடம் பிள்ளை வளர வேண்டும் என்பதை ஆராய்ந்த நம் சட்டவியல், அப்பிள்ளை அங்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் ஆராயுமாயின், நார்ட்டன் தொடங்கிவைத்த பணி ஓரளவேனும் நிறைவுபெறும் எனலாம்.