பத்துத் தீர்மானங்களும் ஒரு கோயில் கேள்வியும்: உதகையிலிருந்து தங்கவயல் வரை

அயோத்திதாசரைப் பற்றி இன்று எழுத வருகிற எவரும் ஞான. அலாய்சியஸைக் கடந்துதான் வரவேண்டும். 1998இல் வெளியான அவருடைய ஆங்கில நூல் தமிழ்ப் பௌத்தத்தை ஒடுக்கப்பட்டோரின் விடுதலை அடையாளமாக நிறுவியது. அடுத்த ஆண்டே பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தின் வழியாக அவர் கொண்டுவந்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகள், அதுவரை சிலர் வீட்டுப் பரணில் கிடந்த, அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை எல்லாருடைய மேசைக்கும் கொண்டுவந்தன. இந்தக் கட்டுரையும் அந்தக் கடனில் எழுதப்படுவதுதான். ஆயினும் அவர் வாசிப்பின் அச்சாணியான ஒன்றை என்னால் ஏற்க இயலவில்லை. அயோத்திதாசரின் சீர்திருத்த முயற்சிக்கு மதமே மையம், மற்றவை அதன் கிளைகள் என்பதுதான் அது.

அலாய்சியஸ் மதத்தை வெறும் வழிபாடாகப் பார்க்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சாதியை மறுக்கும் சமூகமொன்று தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் கருவியாகவே அவர் பௌத்தத்தைக் காண்கிறார். மதம் என்றால் பிற்போக்கு என்று ஒதுக்கிய பழைய வாய்பாட்டுக்கு அது நல்ல மறுப்பு. ஆனால் அந்த மறுப்பின் வேகத்தில் காலவரிசை சற்று மடிந்துபோகிறது. 1898இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குச் சென்று பௌத்தம் தழுவியதை முடிவாக வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஆண்டுகளையெல்லாம் அந்த முடிவை நோக்கிய நடையாக வாசிக்கிறோம். தொகுதிகளின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. அரசியலும் சமூகமும் ஒரு தொகுதி, சமயமும் இலக்கியமும் மற்றொன்று. ஒரே வார இதழில் பக்கம் பக்கமாக நின்ற கிணற்று வழக்கும் புத்த சரிதமும் இரண்டு அட்டைகளுக்குள் பிரிந்துவிட்டன. இரண்டாம் தொகுதியோடு தொடங்குகிறவருக்கு ஒரு அயோத்திதாசர் கிடைக்கிறார், முதல் தொகுதியோடு தொடங்குகிறவருக்கு வேறொருவர் கிடைக்கிறார்.

1898க்கு முன்னால் போவோம். 1891 டிசம்பரில் அயோத்திதாசரின் முயற்சியால் உதகையில் கூடிய திராவிட மகாஜன சபை பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. பறையர் என்ற சொல்லை இழிவாக வழங்குவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். தனிப் பள்ளிகள் வேண்டும், அவற்றில் இக்குலத்தாரே ஆசிரியராக வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியவர்களுக்கு உதவித்தொகை வேண்டும். படித்தவர்க்கு அரசாங்க வேலையில் தடை கூடாது. நகரசபையிலும் கிராமச் சங்கத்திலும், வரி கட்டும் தகுதி பாராமல், பிரதிநிதிகளை நியமிக்க வேண்டும். சிறையில் இவர்களுக்கு மட்டும் இழிந்த வேலை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கத் தடை கூடாது. நீதிமன்றத்திலும் கச்சேரியிலும் மற்றவர்போல் நுழையவும் உட்காரவும் உரிமை வேண்டும். இவர்கள் அதிகமாக வாழும் கிராமங்களில் முன்சீப், மணியம் வேலைகளில் இவர்களை அமர்த்த வேண்டும். கலெக்டர் கிராமத்துக்கு வரும்போது இவர்களை நேரில் பார்த்துக் குறை கேட்க வேண்டும்.

பத்தையும் எழுதிவிட்டேன், காரணம் இருக்கிறது. இவற்றுள் ஒன்றிலும் கோயில் இல்லை.

அடுத்த ஆண்டே கோயில் வந்துவிடுகிறது. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரிப் பிரதிநிதியாகக் கலந்துகொண்ட அயோத்திதாசர், வைணவ, சைவக் கோயில்களில் தம் மக்களை ஏன் விடக்கூடாது என்று கேட்கிறார். தஞ்சை சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கு மதுரைவீரனும் காத்தவராயனும் கறுப்பண்ணனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் அல்லவே என்கிறார். அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாலாம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்கிறார் அயோத்திதாசர். பின்னவை இரண்டும் ஏற்கப்படுகின்றன. இந்த நிகழ்ச்சியை ஆய்வாளர் பலரும் திருப்புமுனையாகக் காட்டுகிறார்கள். கோயில் கதவு மூடியதால் புத்த விகாரையின் கதவு திறந்தது என்பது கேட்பதற்கு அழகான கதைதான்.

இந்தக் கதையோடு பொருந்தாத இன்னொரு ஆண்டு இருக்கிறது. 1886இல் அயோத்திதாசர் தம் மக்கள் இந்துக்கள் அல்லர் என்று அறிக்கை விட்டார் என்று ஏறத்தாழ எல்லாரும் எழுதுகிறோம். அது உண்மையானால், இந்து அல்லாதவர் ஆறு ஆண்டு கழித்து இந்துக் கோயிலில் நுழைவு கேட்பானேன்? ஒன்று, 1886 அறிக்கையின் காலத்தை ஐயுற வேண்டும். அல்லது 1892இன் கோயில் கேள்வி பக்தனின் விண்ணப்பம் அல்ல என்று கொள்ள வேண்டும். நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். சென்னை மகாஜன சபை தன் பெயரில் மகாஜனங்கள் எல்லாரையும் தாங்கியிருந்தது. அந்தப் பெயருக்குள் யார் யார் அடக்கம் என்று சபையின் வாயாலேயே சொல்லவைக்கப் போட்ட தூண்டில் அந்தக் கேள்வி. மீன் சிக்கியதும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, உதகைப் பட்டியலின் இயல்பான தொடர்ச்சியான பள்ளிக்கும் நிலத்துக்கும் போய்விட்டார். கோயிலில் மனம் வைத்துக் கேட்டவர் ஒரு மறுப்புரையோடு அதை விட்டிருப்பாரா?

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். 1892 நிகழ்ச்சியை நாம் பெரிதும் அறிவது பிற்காலத்தில் ‘தமிழன்’ இதழில் அவரே எழுதிய நினைவிலிருந்துதான். நினைவு நிகழ்ச்சியின் வரிசையை மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றம் எந்தத் திசையில் நேர்ந்திருக்கும்? எழுதியபோது அவர் பௌத்தர். வரிசையை மாற்றியிருந்தால் கோயில் மறுப்பை இறுதியில் வைத்துப் பள்ளியையும் நிலத்தையும் அதற்கு முன்னால் தள்ளியிருப்பார். அவரோ பள்ளியோடும் நிலத்தோடும்தான் முடிக்கிறார். நிலம் அப்போது காற்றில் பேசப்பட்ட பேச்சும் அல்ல. செங்கற்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீரின் அறிக்கை 1891இல் வந்திருந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் பேசும் நிலங்களுக்கு அடிப்படையான அரசாணை 1892 செப்டம்பரில் வந்தது.

அயோத்திதாசரோடு கொழும்புக்குச் சென்ற ஆல்காட் ஓர் அமெரிக்கர், உள்நாட்டுப் போரில் வட படையில் பணியாற்றியவர், 1894இல் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியவர். இந்தத் தொடர்பைப் பெரிதாக்கி, சீர்திருத்த எண்ணமே கடல் கடந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. அமெரிக்காவைப் பார்க்க வேண்டுமானால் ஆல்காட்டை விட, கறுப்பர் உரிமைக்கான 1905இன் நயாகரா இயக்கத்தைப் பார்ப்பது பயன் தரும். டு பாய்சும் தோழர்களும் அங்கே வெளியிட்ட கொள்கை அறிக்கையில் வாக்குரிமை, கல்வி, தொழில், நீதிமன்றம் ஆகியவற்றோடு, கைதிகளைக் குத்தகைக்கு விடும் முறைக்கு எதிர்ப்பும் இருக்கிறது. உதகைக்காரர்கள் அவர்களுக்குப் பதினான்கு ஆண்டு முன்பே சிறைச்சாலையை எழுதிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. நிலையிலும் பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமை அரசியல் சட்டத் திருத்தங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது, எழுதியதை நடத்து என்பதே அவர்கள் வாதம். உதகையில் கூடியவர்களுக்குச் சுட்டிக்காட்ட எழுதப்பட்ட வரி ஒன்றும் இல்லை. கலெக்டரும் காங்கிரசும்தான் இருந்தார்கள். காங்கிரசுக்குத் தீர்மானங்கள் போயின, பதில் வரவில்லை.

அயோத்திதாசரின் பௌத்தம் வேரூன்றிய கோலார் தங்கவயலிலோ விண்ணப்பம் யாருக்கு எழுதுவது என்பதே குழப்பம். சுரங்கம் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில், மண் மைசூர் மகாராஜாவுடையது, இரண்டுக்கும் மேலே பெங்களூரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து வந்த ஆதிதிராவிடத் தொழிலாளர், லைன்கள் எனப்பட்ட குடியிருப்பு வரிசைகளில் மூங்கில் தட்டி வீடுகளில் குடியிருந்தவர்கள், மைசூர் அரசுக்கு வெளியூர்க்காரர்கள், சென்னை அரசுக்கு எல்லை தாண்டியவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். கூலி பணமாகக் கிடைத்தது, மிராசுதாரர் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் கேட்பதை விட்டுச் செய்யத் தொடங்கினார்கள் என்பது என் கருத்து.

தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும், அயோத்திதாசர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் எழுந்தன. எம். ஒய். முருகேசர், ஈ. என். அய்யாக்கண்ணு போன்றோர் அவற்றின் தூண்கள். ‘தமிழன்’ 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஆகப் பிறந்தபோதே தங்கவயல் அதன் வலுவான வாசகத் தளம். 1914இல் அயோத்திதாசர் மறைந்தபின் இதழ் தட்டுத்தடுமாறி நின்றது. 1926இல் மறுபடி வெளிவந்தபோது சென்னையில் அல்ல, தங்கவயலில் வந்தது, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக. சாம்பியன் ரீப்ஸின் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை மறுபதிப்புகளாகக் கொண்டுவந்தது. இன்று பழைய பதிப்பு என்று நாம் கையில் எடுப்பவற்றுள் பல அந்தப் புத்தகசாலையின் பெயரைத் தாங்கியவை.

இதழ் நின்ற ஆண்டை ஒருசாரார் 1934 என்கிறார்கள், ஒருசாரார் 1935 என்கிறார்கள். சிறிய வேறுபாடு போலத் தோன்றும். 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைத் ‘தமிழன்’ தன் பக்கத்தில் வாங்கிக்கொண்டதா, அதற்குமுன் மூச்சு நின்றுவிட்டதா என்பதைப் பொறுத்துத் தமிழ்ப் பௌத்தத்துக்கும் அம்பேத்கருக்கும் இடையிலான தொடர்ச்சியை வேறு மாதிரி எழுத வேண்டிவரும். முடிந்த முடிபாக ஓர் ஆண்டைப் போட்டுவிட்டு மேலே போகிற வழக்கத்தை நாம் கைவிடலாம்.

இந்தத் தங்கவயல் நிறுவனங்களை அலாய்சியஸ் விரிவாகவே பதிவு செய்கிறார். நான் அவற்றை எடுத்து வேறு வரிசையில் வைக்கிறேன், அவ்வளவே. பள்ளி, படிப்பகம், அச்சகம், கூட்ட மண்டபம் என்று பார்த்தால் அவை உதகைப் பட்டியலின் உருப்படிகள், அரசு தராததால் சந்தாவில் கட்டப்பட்டவை. பௌத்தம் அவற்றுக்குக் கூரை. கூரையைக் கண்டு கட்டடத்துக்குப் பெயர் வைத்துவிட்டோம்.

இப்போது சான்று மெலிந்த இடத்துக்கு வருகிறேன். 1930இல் தங்கவயலில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கம் இல்லை, வெளித் தலைவர் இல்லை. தொழிலாளரைப் பதிவு செய்து கைரேகை எடுக்கும் முறை வந்ததே முதற் காரணம். ‘தமிழன்’ வட்டத்துக்கும் இந்த வேலைநிறுத்தத்துக்கும் நேர்த்தொடர்பு காட்டும் ஆவணம் எதையும் என்னால் முன்வைக்க இயலாது. ஆனால் கூலி உயர்வை முன்னிறுத்தாமல், கைதியைப்போலப் பெருவிரலை உருட்டுவதற்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் ஷாப்ட்டில் இறங்க மறுத்தார்கள் என்பதைச் சும்மா கடந்துபோகவும் இயலாது. சிறையில் தம் மக்களுக்கு மட்டும் இழிந்த வேலை என்ற விதியை 1891இல் ஒரு சபை எதிர்த்தது. நாற்பது ஆண்டு அந்தச் சபையின் சொற்களைப் படித்தும் படிக்கக் கேட்டும் வளர்ந்த லைன்களில், குற்றவாளியின் அடையாளத்தைத் தம்மேல் ஒட்டவிடமாட்டோம் என்ற பிடிவாதம் தானாக முளைத்தது என்று நம்பச் சொல்கிறீர்களா? மாறாக, பத்திரிகை வாசிக்காதவனுக்கும் மானம் உண்டு என்று ஒருவர் வாதிட்டால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். மானம் எல்லாருக்கும் உண்டு. அது எந்த உருவில் வெளிவருகிறது என்பதற்குத்தான் வரலாறு தேவை.

சுரங்க எல்லைக்கு வெளியே உதகைப் பட்டியல் எப்படிப் போயிற்று? பங்காருபேட்டை வட்டத்துப் பூதிகோட்டை, லைன்களிலிருந்து அதிக தூரமில்லை. ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதால் வரலாற்று நூல்களில் அதற்கு ஓர் இடம் உண்டு. கோட்டை, ஏரி, வயல், வருவாய் வட்டமான ஹோபளி. அங்கே கூலியைத் தீர்மானித்தது கம்பெனி அல்ல, நிலம். ஊர் நிர்வாகம் பரம்பரை ஊர்த்தலைவரான பட்டேல், கணக்கரான சானுபோகர் கையில். தோட்டி, தலையாரி வேலைகளும் பரம்பரைதான், அவை எந்தச் சாதிக்கு என்பதும் முன்பே முடிவானது. உதகையின் ஒன்பதாம் தீர்மானம், கிராம அதிகாரிகளை எங்களிலிருந்தும் நியமியுங்கள் என்பது, சுரங்க லைனில் பொருளற்றது. பூதிகோட்டை போன்ற ஊர்களிலோ அதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. தங்கவயல் பௌத்தர்களின் எழுத்தில் பள்ளிக்கும் சங்கத்துக்கும் கிடைத்த இடம் பட்டேல் பதவிக்குக் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தாம் விட்டுவந்த கிராமத்தை அவர்கள் திரும்பிப் பார்க்க விரும்பாததும் இதற்குக் காரணமாகலாம்.

மைசூர் மாநிலத்தில் பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழிக்கும் சட்டம் 1961இல் இயற்றப்பட்டு 1963இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்பதாம் தீர்மானத்துக்கு எழுபத்திரண்டாம் ஆண்டில் வந்த அந்தப் பதிலைக் கொண்டுவந்தவர்கள் உதகைத் தீர்மானத்தைக் கேள்விப்பட்டிருந்தார்கள் என்பதற்கு அறிகுறி ஏதும் இல்லை. அதற்குள் தங்கவயல் சுரங்கங்கள் அரசுடைமையாகி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.