சியாங் மாய் இரவுச் சந்தைக்குப் பின்னால் ஒரு போர்க்கதை

தாய்லாந்து என்றதும் பாங்காக், பட்டாயா இரண்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கைவினைப் பொருட்கள் வாங்க வேண்டுமென்றால் வடக்கே சியாங் மாய்க்குத்தான் போக வேண்டும். பாங்காக்கிலிருந்து ரயிலில் சுமார் 750 கி.மீ.

அங்கே பகலில் கோயில், இரவில் சந்தை! பொழுது சாய்ந்தால் சாங் கிளான் சாலையில் கடைகள் முளைத்துவிடும். சனிக்கிழமை மாலை வுவாலாய் சாலையிலும், ஞாயிறு மாலை பழைய மதிலுக்குள் இருக்கும் ராட்சதம்னோன் சாலையிலும் வண்டிகளை நிறுத்திவிட்டு, தெரு முழுவதையும் சந்தையாக்கி விடுவார்கள். வெள்ளிக் கிண்ணம், அரக்குப் பெட்டி, காகிதக் குடை... பேரம் பேசி வாங்கி, தெருவோரத்திலேயே சாப்பிட்டு, பாட்டும் கேட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பலாம்.

சரி, இத்தனை கைத்தொழில்கள் ஒரே ஊரில் எப்படி வந்து சேர்ந்தன? அதைத் தேடிப் போனால் ஒரு போர்க்கதை வருகிறது.

1296-ல் மங்ராய் மன்னர் கட்டிய ஊர் இது. லான்னா அரசின் தலைநகரம். 1558-ல் பர்மியர் கைப்பற்றி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆதிக்கம் செலுத்தினார்கள். 1770களில் சயாம் படையின் உதவியோடு அவர்களை விரட்டினாலும் சண்டை ஓயவில்லை. மக்கள் சிதறிப் போய் நகரமே வெறிச்சோடிவிட்டது. 1796-ல் காவிலா மன்னர் மீண்டும் அங்கே குடியேறியபோது மதில் இருந்தது, கோயில்கள் இருந்தன, ஆள்தான் இல்லை!

ஆளுக்கு எங்கே போவது? சால்வீன் ஆற்றுப் பக்கமும், கெங்துங், சிப்சொங்பன்னா பகுதிகளுக்கும் படை அனுப்பி, ஊர் ஊராக மக்களைக் கொண்டுவந்தார்கள். "காய்கறியைக் கூடையில் போடு, மனிதர்களை ஊரில் போடு" என்று ஒரு வடதாய்லாந்துச் சொலவடையே உண்டு. அந்தக் காலத்தைப் பற்றி 1965-ல் கிரைஸ்ரீ நிம்மானஹேமின் எழுதிய கட்டுரைக்கு இதுதான் தலைப்பு.

வந்தவர்களில் உழவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டு, கைவினைஞர்களை நகரத்தை ஒட்டிக் குடிவைத்தார்கள். சால்வீன் பக்கமிருந்து வந்த வெள்ளிக் கொல்லர்கள் தெற்கு மதிலுக்கு வெளியே தங்கினார்கள். விட்டுவந்த ஊரின் பெயரையே புதுக் குடியிருப்புக்கும் வைத்தார்கள். அதுதான் இன்றைய வுவாலாய்! கெங்துங்கிலிருந்து வந்த கோன் மக்கள் நந்தாராம் பகுதியில் அரக்கு வேலை செய்தார்கள். தாய் மொழியில் அரக்குப் பொருட்களுக்கு இன்றும் 'கோன் பொருட்கள்' என்றுதான் பெயர்.

எல்லாப் பொருட்களும் இப்படி வந்தவை அல்ல. போ சாங் கிராமத்துக் குடைகளுக்கு வேறு கதை சொல்வார்கள். சந்தையில் தொழிற்சாலைச் சரக்கும் நிறையவே கலந்திருக்கிறது. ஆனால் வுவாலாயில் சுத்தியல் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அங்குள்ள ஸ்ரீ சுபான் கோயிலின் மண்டபத்தை 2004 முதல் வெள்ளி, அலுமினியத் தகடுகளால் இழைத்தவர்கள் அந்தப் பகுதிக் கொல்லர்கள்தான்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பிடித்து வரப்பட்டவர்களின் பெயர்கள் அரண்மனை ஏடுகளில் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் ஊரின் பெயர் ஒரு தெருவிலும், இனத்தின் பெயர் ஒரு பெட்டியிலும் தங்கிவிட்டது. அங்கே போகிறவர்கள் பேரம் பேசுங்கள், தப்பில்லை. கூடவே அது யார் செய்தது, எந்தத் தெருவில் செய்தது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கைவேலை எது, தொழிற்சாலைச் சரக்கு எது என்பதும் அப்போது தெரிந்துவிடும்!