ஈரற் புற்றுநோயின் மாறிவரும் வரலாறு



1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பண்ணைகளிலே பல்லாயிரம் வான்கோழிகள் திடீரென மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தோருக்கு, அவற்றுக்கு உணவாக இடப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கின்மீது ஐயம் விழுந்தது. அப்பிண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சணம் ஒருவகை நஞ்சைச் சுரந்திருந்தது. அஃபிளாடொக்சின் எனப் பெயர்பெற்ற அந்நஞ்சு ஈரலிற் புற்றுநோயை விளைவிக்க வல்லது என்பது பின்னர் தெளிவாயிற்று. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிலே, தானியத்தைச் சரிவர உலர்த்திக் காக்க இயலாத ஏழை மக்களிடையே இந்நோய் மிகுந்திருந்தமைக்கு ஒரு காரணம் அகப்பட்டது.

மற்றொரு காரணம் குருதியில் மறைந்திருந்தது. அமெரிக்க அறிஞர் பரூக் பிளம்பேர்க் 1960களில், அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரது குருதியிலே புதியதொரு பொருளைக் கண்டார். அது மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் வைரசின் மேலுறை என்பது பின்னர் துலங்கிற்று. 1976இல் அவர் நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

இவ்வைரசுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைத் தாய்வான் தீவில் நடந்த ஆராய்ச்சி நன்கு புலப்படுத்தியது. அங்கே 22,707 ஆண்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். 1981இல் வெளிவந்த முடிவின்படி, அவர்களுள் ஈரற் புற்றுநோய்க்கு ஆளானோர் 41 பேர். அந்த 41 பேருள் 40 பேர் வைரசைக் குருதியிற் சுமந்தவர்கள்.

பிறப்பின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வைரசு தொற்றுவதும் அறியப்பட்டது. எனவே 1984இல் வைரசுடைய தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் தாய்வான் அரசு தடுப்பூசி வழங்கியது. 6 முதல் 14 வயதுவரையான சிறுவருள், 1981 முதல் 1986 வரை இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்த ஈரற் புற்றுநோய், 1990 முதல் 1994 வரையான காலத்தில் 0.36 ஆகக் குறைந்தது. தடுப்பூசியாற் புற்றுநோயைத் தடுக்கலாம் என்பதை உலகு அங்கேதான் முதலிற் கண்டது.

வைரசு இன்றும் இந்நோயின் தலையாய காரணமே. எனினும் பல நாடுகளிலே மது, உடற்பருமன், நீரிழிவு, ஈரலிற் படியும் கொழுப்பு ஆகியன முன்னுக்கு வருகின்றன. பழுதுற்ற தானியம் வாட்டிய ஈரலை இப்போது மிகையுணவும் வாட்டுகின்றது.

இலங்கையிலும் 2003 முதல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி இடப்படுகின்றது. ஆயின் கொழுப்புக்கும் மதுவுக்கும் எதிராகத் தடுப்பூசி ஏதும் இல்லை. அளவறிந்து உண்பதும், நாள்தோறும் நடப்பதும், மதுவை விலக்குவதும், பூஞ்சணம் பிடித்த கச்சானை எறிந்துவிடுவதும் நம் கையில் உள்ளவை. தாய்வானிலே அரசு மேற்கொண்ட காவலை நம் வீடுகளிலே நாமே மேற்கொள்ளுதல் வேண்டும்.