கையை விட்டுப் போன சனவரி

சென்னை ஓப்பன் சென்னையில் பிறந்த போட்டி அல்ல. 1996இல் டெல்லியில் தொடங்கி, மறு ஆண்டுதான் நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. அன்று அது ஒரு சிகரெட்டின் பெயரைச் சுமந்திருந்தது; நடந்த மாதம் ஏப்ரல். அந்த வெயிலில் ஐரோப்பியர்களை ஆட வைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. பின்னர் சனவரி முதல் வாரத்துக்கு மாறியது. ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு முன் கைகால்களைப் பழக்கிக்கொள்ள வந்தவர்களுக்கு அது வசதி. விடுமுறைக்கு ஊர் திரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கும்தான்: சபாக்களில் கச்சேரிகள் ஓயும் நேரத்தில் டென்னிஸ் தொடங்கும்.

2005ஆம் ஆண்டுப் போட்டி சுனாமி அடித்த சில நாட்களில் நடந்தது. வென்ற கார்லோஸ் மோயா பரிசுப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார். இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற பரடோர்ன் சிறிசப்பன் தாய்லாந்துக்காரர்; அதே அலை அவர் நாட்டையும் அடித்திருந்தது.

ஆட்டம் என்று கேட்டால், நான் 2008 அரையிறுதியைத்தான் சொல்வேன். மயோர்க்கா தீவுக்காரர்கள் இருவர், நடாலும் மோயாவும், ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆடினார்கள். மூன்று செட்டும் டைபிரேக். நடால் வென்றார். அடுத்து இறுதியாட்டத்தில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். அரையிறுதியிலேயே அவருடைய கால்கள் தீர்ந்துவிட்டன என்பது என் கணிப்பு.

இரட்டையரில் பயஸும் பூபதியும் சேர்ந்து இங்கே ஐந்து முறை வென்றார்கள். ஒற்றையரில் ஓர் இந்தியர்கூட வெல்லவில்லை. 2009இல் வைல்ட் கார்டு பெற்று வந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிவரை போனார், சிலிச்சிடம் தோற்றார்.

21 ஆண்டுகள் நடந்ததால் அது நம்முடையது என்றே ஊர் நினைத்தது. ஏடிபி போட்டி என்பது நாட்காட்டியில் ஒரு வாரம். அந்த வாரத்துக்கு உரிமையாளர் உண்டு, அதை விற்கலாம், வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் போட்டியை நடத்தியது, உரிமை ஐஎம்ஜி என்ற நிறுவனத்திடம் இருந்தது. 2017இல் பௌதிஸ்டா அகுட், மெட்வெடெவை வென்றதோடு சென்னையில் முடிந்தது. 2018இல் புனே. 2024 சனவரியில் அந்த வாரம் ஹாங்காங்குக்குப் போய்விட்டது.

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் அதே பெயரில் பெண்கள் போட்டி நடந்தது. செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா வென்றார்.