லூயி சொன்ன சம்மதம்: ஒரு புதுச்சேரி உரை

பாயிரம்

ஆன் ரைஸ் 1976இல் எழுதிய 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' நாவலில் லூயி ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. ஆண்டு 1791. மிசிசிப்பி ஆற்றங்கரையில் அவனுக்கு அவுரித் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைக்க அடிமைகள் இருந்தார்கள். 1994இல் நீல் ஜோர்டன் இயக்கிய படத்தில் பிராட் பிட் ஏற்றது இந்த லூயியைத்தான். ஏஎம்சி தொலைக்காட்சிக்காக ரோலின் ஜோன்ஸ் உருவாக்கிய தொடர் 2022 அக்டோபர் 2 அன்று வெளிவந்தபோது லூயி கறுப்பினத்தவனாகியிருந்தான். இடம் நியூ ஆர்லியன்ஸ், காலம் 1910. பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் கிரியோல் குடும்பத்தின் தலைமகன். அந்த வேடத்தில் ஜேக்கப் ஆண்டர்சன். அவனை ரத்தக் காட்டேரியாக்கும் பிரெஞ்சுப் பிரபு லெஸ்டாட்டாக சாம் ரீட்.

இந்த ஒரு மாற்றத்தால் பழைய கதைக்குப் புது உயிர் வந்துவிட்டது. அதன் பொருளைப் புதுச்சேரிக்காரர்கள் மற்றவரைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊரையும் நியூ ஆர்லியன்ஸையும் ஒரு காலத்தில் ஒரே கம்பெனி ஆண்டது. லூசியானாவை வைத்திருந்த ஜான் லாவின் பிரெஞ்சுக் கம்பெனி, 1719இல் கிழக்கிந்திய வணிகத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1731இல் லூசியானாவை மன்னனிடம் திருப்பிக் கொடுக்கும்வரை இரண்டு ஊர்க் கணக்கும் ஒரே பேரேட்டில். சோழமண்டலக் கரையில் நெய்த துணி மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கும் விலைப்பண்டமாக இருந்தது. அங்கே வாங்கப்பட்டவர்களைச் செனகலிலிருந்து லூசியானாவுக்கு ஏற்றிச் சென்றவையும் அந்தக் கம்பெனியின் கப்பல்களே. நாவலின் லூயிக்கு அவுரித் தோட்டம் இருந்தது. நம் பக்கத்திலோ அவுரி தோய்த்த நீலத்துணி 19ஆம் நூற்றாண்டிலும் செனகலுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஆகவே இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தை எங்கோ நடந்த கதையாக என்னால் பார்க்க முடியவில்லை.

துபாய் மாடி. முதிய நிருபர் மொல்லாய் மீண்டும் ஒலிப்பதிவுக் கருவியை இயக்குகிறார்.

1973இல் சான் பிரான்சிஸ்கோவில் இதே மொல்லாய் லூயியைப் பேட்டி கண்டவர். அது பாதியில் கெட்டுப்போனது. இப்போது பெருந்தொற்றுக் காலம், அவருக்கு நடுக்கவாதம். லூயி மறுபடி அழைக்கிறான். நாவலை மாற்றியதற்கான நியாயத்தைத் தொடர் இந்தக் காட்சியிலேயே தேடிக்கொள்கிறது: முதல் பேட்டியில் சொன்னது முழு உண்மையல்ல, இது இரண்டாம் வாக்குமூலம். பொய்யும் மறதியும் கலந்த சாட்சியாகவே லூயியைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தொடக்கத்திலேயே பாடம் சொல்லப்படுகிறது.

ஓரமாக நிற்கும் பணியாள் ரஷீதை (அசாத் ஸமான்) யாரும் கவனிப்பதில்லை. முதல் பருவத்தின் கடைசியில்தான் அவன் அர்மான் என்னும் பழம்பெரும் காட்டேரி என்று தெரிகிறது. இரண்டாம் பருவத்தில் அவன் பிறந்த ஊர் தில்லி என்றும், விற்கப்பட்ட சிறுவன் என்றும் தெரியவருகிறது. ரைஸின் நாவல் வரிசையில் அவன் கீவ் நகரத்தான். விற்கப்பட்ட சிறுவர்களின் செய்தி நமக்குப் புதிதல்ல. ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாக விற்றவர்களைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டுப் பக்கங்களில் எழுதியிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து போன அடிமைகள் மொரீசியசிலும் ரெயூனியனிலும் கரையேறினார்கள்.

ஸ்டோரிவில் தெரு. லூயி கைத்தடியிலிருந்து கத்தியை உருவித் தம்பி பாலின் மேல் வைக்கிறான். லெஸ்டாட் பார்க்கிறான்.

ஸ்டோரிவில் என்பது 1897இல் நகராட்சியே எல்லை வகுத்துக் கொடுத்த விலைமகளிர் பேட்டை, 1917இல் மூடப்பட்டது. தந்தையின் கரும்புப் பணம் கரைந்த பிறகு குடும்பத்தைத் தாங்க லூயி இங்கே விடுதிகள் நடத்துகிறான். தாயும் தங்கையும் அந்தப் பணத்தில் வாழ்கிறார்கள், அதன் ஊற்றைப் பேசுவதில்லை. பால் மட்டும் பேசுகிறான். தெருவில் நின்று வேதம் சொல்லி அண்ணனை மீட்கப் பார்க்கிறான். கத்தியை உருவும் அந்தக் கணம் ஊருக்காக நடத்திய நாடகம். சொந்தத் தம்பியிடமே இளகியவன் என்று தெரிந்தால் அந்தத் தெருவில் ஒரு கறுப்பு முதலாளி மறுநாள் நிற்க முடியாது. லெஸ்டாட்டுக்குப் பிடித்துப்போவது அந்தக் கோபம். அதற்கு அடியில் இருக்கும் அவமானத்தை அவன் மோப்பம் பிடித்துவிடுகிறான்.

சீட்டாட்ட மேசை. நேரம் நிற்கிறது.

இந்த அத்தியாயத்தின் உயிர் இங்கே இருக்கிறது. மேசையைச் சுற்றி ஊரின் பெரிய மனிதர்கள், எல்லாரும் வெள்ளையர். லூயிக்கும் ஒரு நாற்காலி உண்டு. அவன் பணம் அவர்களுக்குத் தேவை. ஆனால் சொல்லுக்குச் சொல் அவனுடைய இடம் எதுவென்று நினைவூட்டுகிறார்கள், அவனும் புன்னகைத்து விழுங்குகிறான். அப்போது லெஸ்டாட் காலத்தை நிறுத்துகிறான். எல்லாரும் சிலையாய் உறைய, லூயியின் கைக்கு நல்ல சீட்டு வந்து சேர்கிறது. உன்னைவிடத் தாழ்ந்த இவர்களுக்கு நீ ஏன் தலைவணங்குகிறாய் என்பதே அவன் கேள்வியின் சாரம்.

இந்த இடத்தில் பொன்னுத்தம்பிப் பிள்ளையை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. 1873இல் அவர் ஐரோப்பிய உடையும் காலணியும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். வழக்கறிஞர், சட்டம் படித்தவர். நீதிபதி அனுமதிக்கவில்லை, இந்தியர் காலணியோடு அங்கே நிற்கக் கூடாதாம். அவர் பாரீசின் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். நியூ ஆர்லியன்ஸிலும் ஒருவர் இப்படிப் புறப்பட்டார்: ஹோமர் பிளெஸ்ஸி, லூயியைப் போலவே பிரெஞ்சு மரபுக் கிரியோல். 1892இல் வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார், கைதானார், வழக்கு நடத்தினார். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்து, பிரித்து வைப்பது சட்டப்படி செல்லும் என்றது. லூயி உட்கார்ந்திருக்கும் மேசை அந்தத் தீர்ப்புக்குப் பதினான்கு ஆண்டுகள் பிந்தியது. நீதிமன்றக் கதவு மூடிய ஊரில், வேறொருவன் வேறொரு கதவைத் திறந்து காட்டுகிறான். லெஸ்டாட்டின் மாயத்தை வெறும் வசீகரமாகப் பார்ப்பவர்கள் இந்தப் பசியைத் தவறவிடுகிறார்கள்.

வீட்டு விருந்து, பிறகு லெஸ்டாட்டின் மாளிகை.

விருந்தில் பால் கடவுளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு லெஸ்டாட்டைத் தடுமாற வைக்கிறான். அவன் மனிதனல்ல என்று அந்த வீட்டில் உணர்ந்தவன், பைத்தியம் என்று ஒதுக்கப்பட்ட பால்தான். மாளிகையில் லூயியும் லெஸ்டாட்டும் தழுவியபடி தரையை விட்டு மேலெழும் காட்சி பற்றி ரசிகர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது ஒன்றே: நாவலில் சாடையாகவும் படத்தில் பூடகமாகவும் இருந்த காதலைத் தொடர் மறைக்காமல் காட்டியது. ஆண் ஆணை விரும்புவது அங்கே லூயி சுமக்கும் இன்னொரு குற்றம். அந்தச் சுமையை இறக்கி வைக்கிறேன் என்பதும் லெஸ்டாட்டின் பேரத்தில் சேர்த்தி.

தங்கையின் திருமணம். விடியல். மொட்டை மாடி.

அண்ணனும் தம்பியும் திருமணத்தில் சேர்ந்து காலடி தட்டி ஆடுகிறார்கள். விடியும்போது கூரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சின் நடுவே பால் எழுந்து நடந்து கூரையைத் தாண்டிவிடுகிறான். இசையோ எச்சரிக்கையோ இல்லாமல் இதை எடுத்திருக்கிறார் இயக்குநர் ஆலன் டெய்லர். தாய், பழியை லூயியின் மேல் போடுகிறாள். லூயி மனிதனாகக் கண்ட கடைசி விடியல் அது. வேறு உரை இதற்குத் தேவையில்லை.

தேவாலயம். லூயி பாவசங்கீர்த்தனம் செய்கிறான். லெஸ்டாட் பாதிரியாரைக் கொன்று, பலிபீடத்தின் முன் அவனைக் கேட்கிறான். லூயி சம்மதிக்கிறான்.

முழந்தாளிட்டுத் தன் குற்றங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறான் லூயி: விற்ற பெண்கள், ஊற்றிய மது, தம்பி, சாத்தானோடு படுத்தது. எங்கே போனாலும் அவனுக்கு ஓர் இடம் குறித்து வைக்கப்பட்டிருந்தது, தேவாலயம் உட்பட. நம் சம்பா கோவிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் முறையிட்டு 1745இல் அது இடிக்கப்பட்டதையும் ரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். அந்த மக்கள் சுவரை இடிக்கச் சொன்னார்கள். லூயிக்கு முன்னால் நிற்பவனோ கோயிலையே ரத்தமாக்கி, நீயும் நானும் இனிச் சமம் என்கிறான்.

சம்மதம் சொன்ன லூயியை என்னால் பழிக்க முடியாது. 1881 செப்டம்பர் 21 அன்று வந்த ஆணை நம் ஊரில் இப்படியொரு பேரத்தை முன்வைத்தது: உன் பழைய சமூகச் சட்டத்தைத் துறந்துவிடு, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தையும் புதுக் குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள், நீ பிரெஞ்சுக் குடிமகன். பொன்னுத்தம்பி லபோர்த் என்ற பெயரை ஏற்றார். சாதியால் நசுங்கிய பலர் அந்த வழியில் போனார்கள். சண்முக வேலாயுத முதலியாரின் அணி அதைக் கடுமையாக எதிர்த்தது. துறந்தவர்களின் ஆசை நியாயமானது. தருவதாகச் சொன்னவர்கள்தான் சொல் தவறினார்கள். 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்றில், துறந்தவர் இன்னொன்றில், மற்ற இந்தியர் மூன்றாவதில்.

லெஸ்டாட்டும் இதைத்தான் சொல்லாமல் விடுகிறான். மூன்றாம் அத்தியாயத்தில், சாகா வரம் பெற்ற பிறகும், நகரின் வெள்ளை அதிகாரம் லூயியின் தொழிலை நெரிக்கிறது. அவர்களில் ஒருவனைக் கொன்று அவன் பழி தீர்க்கிறான். அதற்குக் கறுப்பர் குடியிருப்புகள் தீக்கிரையாகின்றன. அந்தத் தீயிலிருந்து அவன் தூக்கி வரும் சிறுமிதான் கிளாடியா.