பேட்டையும் தண்டும்: பெங்களூரின் இரு நகரங்களும் தமிழர் நிலையும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை காட்டும் புகார் ஒரே ஊர் அன்று, இரண்டு ஊர்கள். கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகளும் கலம்தரு திருவின் புலம்பெயர் மாக்களும் கைவினைஞர் தெருக்களும் அமைந்திருந்தன. பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் அந்தணர் மனைகளும் படைத்தலைவர் இருக்கைகளும் இருந்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சோலையில் நாளங்காடி கூடிற்று. அந்நாளங்காடியைக் காக்கும் பூதத்திற்குப் பலியிடுவதில் இரு பாக்கத்து வீரரும் ஒருவரை ஒருவர் முந்திச் சென்றனர் என்று இளங்கோ காட்டும் இடம் உரையாசிரியர்களால் பெரிதும் வீரத்தின் வெளிப்பாடாகவே விளக்கப்பட்டு வந்துள்ளது. அதனை அயல் ஊர்களின் போட்டி என்ற நோக்கிலும் காண இடமுண்டு. ஊர்ப்பெருமை என்பது பகைவரை நோக்கி எழுவதைவிட அடுத்த வீட்டாரை நோக்கி எழுவதே மிகுதி.

இந்நோக்கில் பெங்களூரின் வரலாற்றைக் காணும் முயற்சியே இக்கட்டுரை. இன்று ஒரே மாநகராகத் தோன்றும் இவ்வூர் 1949 வரை தனித்தனி நகராட்சிகளையும், 1881 முதல் 1947 வரை தனித்தனி ஆட்சிகளையும் கொண்ட இரு நகரங்களாக இருந்தது. மைசூர் மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட மேற்குப் பகுதி பெங்களூர் நகரம். பழைய பேட்டையே அதன் இதயம். கிழக்கே இருந்தது ஆங்கில அரசின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட சிவில் மற்றும் ராணுவ நிலையம். மக்கள் வழக்கில் அது கண்டோன்மென்ட், கன்னடத்தில் தண்டு. படை எனப் பொருள்படும் இச்சொல் தமிழுக்கும் புதிதன்று. தண்டநாயகன் என்னும் கல்வெட்டுச் சொல்லையும் கோவையின் தண்டு மாரியம்மன் கோயிலையும் அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பெங்களூர் நகரின் மக்கள்தொகை 69,447. கண்டோன்மென்டின் மக்கள்தொகை 89,599. அதாவது, பிற்காலத்தில் வந்த பாளையம் தன்னை ஈன்ற ஊரைவிடப் பெரிதாகிவிட்டது. இரு நகரங்களுக்கிடையே நிலவிய போட்டியுணர்வைப் புரிந்துகொள்ள இவ்விரு எண்களே போதிய தொடக்கமாகும்.

எல்லை பிறந்த வகை

கெம்பேகௌடர் 1537இல் அமைத்ததாகக் கூறப்படும் கோட்டையும் பேட்டையும் நெசவாளர், வணிகர், கைவினைஞர் ஆகியோரின் தெருக்களால் ஆனவை. 1791இல் காரன்வாலிசு இக்கோட்டையைக் கைப்பற்றினார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலப் படை அங்கேயே நிறுத்தப்பட்டது. அவ்விடத்தின் காய்ச்சல் படையினரை வாட்டவே, 1809இல் படை பெங்களூருக்குக் கிழக்கே, அலசூரை அடுத்த மேட்டு நிலத்திற்கு மாற்றப்பட்டது. அப்படையோடு சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும், அவர்களுக்கு வேண்டுவன வழங்கிய வணிகரும், கொத்தர், தச்சர், வண்ணார், சமையற்காரர் ஆகியோரும் வந்தனர். இன்றைய சிவாஜிநகரின் வீரப்பிள்ளைத் தெரு, நாராயணப்பிள்ளைத் தெரு, மீனாட்சி கோயில் தெரு, தருமராஜா கோயில் தெரு என்னும் பெயர்கள் அக்குடியேற்றத்தின் எச்சங்கள்.

1831இல் மைசூர் ஆட்சியை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டபின் ஆட்சித் தலைமையிடம் பெங்களூராயிற்று. 1834 முதல் 1861 வரை ஆணையராக இருந்த மார்க் கப்பன் காலத்தில் பேட்டையும் தண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. ஆயினும் 1862இல் நகராட்சி அமைப்பு வந்தபோது அவை இரண்டு நகராட்சிகளாகவே அமைந்தன. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து வந்த இருப்புப்பாதை தண்டில் வந்து நின்றது. பேட்டையை அடுத்த நிலையம் மைசூர்ப் பாதையோடு 1882 அளவில்தான் முக்கியத்துவம் பெற்றது. ஒருவருக்கு வண்டி முதலில் வந்தது, மற்றவருக்குப் பதினெட்டாண்டு கழித்து வந்தது என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஊர்ப்பெருமை இத்தகைய சிறு செய்திகளாலேயே வளர்கிறது.

1881இல் மைசூர் நாடு மீண்டும் உடையார் மரபிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது ஏறத்தாழ 13½ சதுர மைல் பரப்புள்ள தண்டுப் பகுதியை மட்டும் ஆங்கில அரசு தன்னிடமே நிறுத்திக்கொண்டது. நிலம் மைசூருக்கு உரியது. ஆட்சி ரெசிடென்டின் கையில். அதன் விளைவாகச் சாலையின் ஒருபுறம் மைசூர்ச் சட்டம், மறுபுறம் ஆங்கில இந்தியச் சட்டம் என்ற நிலை தோன்றியது. காவல், நீதி, வரி யாவும் இரு கூறாயின. இரண்டிற்கும் நடுவே 1870இல் அமைக்கப்பட்ட கப்பன் பூங்கா பரந்து கிடந்தது. புகாரின் நாளங்காடிச் சோலையை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை. ஆயின் நாளங்காடியில் இரு பாக்கத்தாரும் கூடினர். இப்பூங்காவோ கூடுவதற்கு அன்றி விலகி நிற்பதற்கே பெரிதும் பயன்பட்டது எனலாம். 1906இல் விக்டோரியா அரசியின் சிலை பூங்காவின் கிழக்கு விளிம்பில், அதாவது எல்லையிலேயே நிறுவப்பட்டது. அவ்விடத்தேர்வு தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

கொள்ளைநோயும் கட்டுமானமும்

1891இல் இரு நகரங்களின் கூட்டு மக்கள்தொகை 1,80,366. பத்தாண்டு கழித்து அது 1,59,046ஆகக் குறைந்தது. 1898இல் பரவிய கொள்ளைநோயே இதன் பெருங்காரணம். நோய் எல்லை பார்த்து வரவில்லை. ஆனால் அதற்கு எதிரான முயற்சிகள் எல்லை பார்த்தே நடந்தன. மைசூர் அரசு மல்லேசுவரம், பசவனகுடி என்னும் புது விரிவாக்கங்களை நேர்கோட்டுத் தெருக்களோடு அமைத்தது. அங்கும் மனைகள் சாதிவாரியாக ஒதுக்கப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. தண்டின் ஆட்சியாளர்கள் எலி புகா வீடுகள் என்ற கருத்தை முன்வைத்து ஒரு புதுக் குடியிருப்பை 1910 அளவில் எழுப்பி, ரெசிடென்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் பிரேசர் டவுன் என்றனர். நகரத்தில் விக்டோரியா மருத்துவமனை எழ, தண்டில் பௌரிங் மருத்துவமனை விரிவடைந்தது. நகரத்திற்குக் கிருஷ்ணராஜேந்திரா சந்தை என்றால் தண்டிற்கு ரஸ்ஸல் சந்தை. ஒன்றில் எழுந்தது மற்றொன்றிலும் எழவேண்டும் என்ற இவ்வுந்துதல் இரு பகுதி மக்களுக்கும் நன்மையே செய்தது.

எனினும் ஒரு துறையில் நகரம் தண்டை விஞ்சியது. ஏசரகட்டாவில் ஆர்க்காவதி நீரைத் தேக்கி 1896 அளவில் நிறைவேறிய சாமராஜேந்திரா குடிநீர்த் திட்டம் மைசூர் அரசின் முயற்சி. தண்டும் அந்நீரையே குடித்தது. சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902இல் கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. 1905இல் பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. ஆங்கிலேயர் வாழும் தூய்மையான நகரம் என்று தன்னை எண்ணிய தண்டு, நீருக்குச் சுதேச அரசை நாடி நின்ற இம்முரண் நகரத்தாரின் பெருமிதத்திற்கு உரம் சேர்த்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இருவகைத் தமிழர்

நகரம் கன்னடருடையது, தண்டு தமிழருடையது என்ற பிரிப்பு வழக்கிலும் ஆய்விலும் வேரூன்றியுள்ளது. இதன் ஒரு பக்கம் உண்மை. தண்டின் தெருக்களில் தமிழும் உருதுவும் ஆங்கிலமும், பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் ஓங்கியிருந்தன. ஆனால் இப்பிரிப்பை அப்படியே ஏற்பது பல இடர்ப்பாடுகளை விளைவிக்கிறது. பெங்களூர்த் தமிழர் ஆங்கிலப் படையின் பின்னே வந்தவர், ஆகவே இவ்வூருக்கு அயலவர் என்ற வாதம் இதன்மேல் எழுப்பப்பட்டதே. 1991இல் காவிரிச் சிக்கலை ஒட்டி நேர்ந்த வன்முறையில் இவ்வாதத்தின் விலையை இவ்வூர்த் தமிழர் அறிந்தனர். எனவே இதனை மெல்ல ஆராய்தல் கடமையாகிறது.

முதலாவதாக, தண்டு அமைந்த நிலப்பகுதிக்குத் தமிழ் 1809இல் வந்ததன்று. அதற்கு அண்மையிலுள்ள தொம்மலூரின் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. அவற்றுள் போசளர் காலத்தனவும் உள. எபிகிராபியா கர்நாடிகாவின் பெங்களூர் மாவட்டத் தொகுதி 1905இல் வெளிவந்தது. நூறாண்டுக்கு மேலாக அச்சில் உள்ள சான்றை இருதரப்பாரும் மேடையில் எடுத்துரைப்பதில்லை.

இரண்டாவதாக, பேட்டையும் தமிழ்த் தொடர்பு அற்றதன்று. பெங்களூர்ப் பேட்டையின் தலையாய விழா தருமராயர் கோயில் கரகம். அதனை நடத்துவோர் தோட்டத் தொழிலில் பெயர்பெற்ற திகளர். திகளர் என்னும் சொல்லே கன்னடத்தில் தமிழரைக் குறிக்க வழங்கிய பழஞ்சொல். திரௌபதியைச் சக்தியாக வழிபடும் இவ்விழாவின் மூலம் வட தமிழகத்துத் திரௌபதியம்மன் வழிபாட்டோடு நெருங்கிய உறவுடையது. நகரத்தின் கன்னட அடையாளமாகப் போற்றப்படும் கரகமும், தண்டின் தருமராஜா கோயில் தெருவும் ஒரே வழிபாட்டு மரபின் இரு கிளைகள் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

மூன்றாவது செய்தி இன்னும் சுவையானது. நகரத்தின் பெருமைக்குரிய குடிநீர், மின்சாரம், புதுக் குடியிருப்புகள் பலவும் திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்டவை அல்லது தொடங்கப்பட்டவை. 1883 முதல் 1901 வரை அப்பதவியில் இருந்த அவர் பாலக்காட்டுப் பகுதித் தமிழர். அவரைப் போன்றோர்க்கு உயர் பதவிகள் சென்றதைக் கண்டு, மைசூர் மைசூராருக்கே என்ற குரல் எழுந்ததும் அக்காலத்தில்தான். மாறாக, மைசூர் அரசின் தலைமை அலுவலகமான அட்டாரா கச்சேரியை 1864க்கும் 1868க்கும் இடையே கட்டி முடித்தவர் தண்டைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவரே 1873இல் தண்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டவர். ஆக, நகரின் முகமாக விளங்கிய கட்டடம் தண்டுத் தமிழரால் எழுந்தது. தண்டு குடித்த நீர் நகரத்துத் தமிழரால் வந்தது.

இவ்விருவகைத் தமிழரின் மொழிவழியும் வேறாயிற்று. நகரத்துத் தமிழருட் கற்றோர் கன்னடத்தைத் தம் எழுத்துமொழியாக ஏற்றனர். நவீன கன்னட நாடகத்திற்கு வழிகாட்டிய டி. பி. கைலாசமும், 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களில் பிறந்தவர்களே. தண்டுத் தமிழரோ தமிழைப் பேச்சிலும் வழிபாட்டிலும் காத்து, பிழைப்புக்கு ஆங்கிலத்தைக் கற்றனர். கன்னடம் அவர்கள் பள்ளிகளில் இன்றியமையாததாக இருக்கவில்லை. எனவே எல்லை பிரித்தது தமிழரையும் கன்னடரையும் மட்டுமன்று. தமிழரையே இரண்டாகப் பிரித்தது. இதனுள் சாதியும் வர்க்கமும் கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. பதவியும் நிலமும் பெற்ற தமிழர் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். கொத்தரும் சிப்பாயுமாய் வந்தோரின் வழியினரே அயலவர் என்று சுட்டப்பட்டனர்.

இணைப்பும் அதன் பின்னும்

தண்டை மைசூருக்குத் திரும்ப அளிப்பது பற்றிய பேச்சு 1930களில் வலுப்பெற்றபோது தண்டு வணிகரிடையே தயக்கம் நிலவிற்று. வரி கூடும், ஆட்சிமொழி மாறும், படையை நம்பிய வாணிகம் குன்றும் என்பன அவர்தம் அச்சங்கள். நாட்டு விடுதலைக்குச் சில நாட்களே இருக்கையில், 1947 சூலைத் திங்களில் தண்டு மைசூரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகிப் பெங்களூர் மாநகராட்சி பிறந்தது. வரைபடத்தில் எல்லைக்கோடு மறைந்ததும் அக்கோட்டை ஒட்டியே புதிய பெருமைச் சின்னம் எழுந்தது. கெங்கல் அனுமந்தையாவின் முயற்சியால் 1956இல் நிறைவுற்ற விதானசௌதா, அட்டாரா கச்சேரிக்கு நேர் எதிரே, அதனைத் தாழ்த்திக் காட்டும் உயரத்தில் நிற்கிறது. தென்னிந்தியக் கோயிற்கலைக் கூறுகளைக் கொண்ட அக்கட்டடம் பழைய ஆட்சிக்கு விடுக்கப்பட்ட விடையாகவே அமைந்தது.

தண்டின் பெயர்களும் மாறின. பிளாக்பள்ளி சிவாஜிநகராயிற்று, சவுத் பரேட் மகாத்மா காந்தி சாலையாயிற்று. அலசூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 1991 முதல் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகத்து 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு ஈடாக அதே திங்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில முதல்வர்கள் கூடித் தீர்க்கவேண்டிய சிக்கலாக அது வளர்ந்ததற்கு அச்சிலை நின்ற இடம் பழைய தண்டு என்பதும் ஒரு காரணம். தமிழகத்தின் வேறு எல்லைப்புற ஊர்களில் காணும் மொழிப்பூசலோடு மட்டும் இதனை வைத்து எண்ணினால் இவ்வூருக்கே உரிய இப்பழம்போட்டி கண்ணில் படாது.

2016இல் மெட்ரோ தொடர்வண்டியின் சுரங்கப் பகுதி திறக்கப்பட்டதும் தண்டின் கிழக்கு விளிம்பும் பேட்டையும் முதன்முறையாகப் பூங்காவின் அடியில் இணைந்தன. அலசூர், மகாத்மா காந்தி சாலை, கப்பன் பூங்கா, விதானசௌதா என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. பழைய எல்லையைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகின்றன. அவ்வண்டியில் அலசூரில் ஏறும் முதியோர் சிலர் எங்கே செல்கிறீர்கள் என்று வினவினால் இன்றும் கூறும் விடை, “சிட்டிக்குப் போய்ட்டு வரேன்” என்பதே.